சால்னாவில் இரண்டு கை உப்பு

தன் பரோட்டாக் கடை வாசலில் கூட்டம் சேரச் சேர சங்கிலி அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெயர்ப்பலகைக்கு மேல் அரசாங்கம் மாட்டியிருந்த சமவளர்ச்சி விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது. மற்ற கடைகளைவிட ஒரு கடை அதிகமாக ஓடினால் விளக்கு சிவக்கும். சிவந்தால், கைப்பக்குவம் உள்ள ஆளை மட்டும் வளர்ச்சி குறைந்த மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எதிர்க்கடைத் தையல்காரர் செல்லப்பாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர் வீட்டுக்கு இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அதனால்தான் யாருக்கும் தெரியாமல் சால்னாவில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டிருந்தான். கூட்டம் காறித் துப்பிவிட்டுக் கலைந்திருக்க வேண்டும்.

“அண்ணாச்சி, இன்னொரு கரண்டி ஊத்தும். இன்னைக்கு அமிர்தமால்ல இருக்கு!” என்றார் லாரிக்காரர்.

“மெதுவாப் பேசுங்கண்ணே.”

“நல்லாருக்குன்னு சொன்னா ஏன்யா உமக்கு இப்படி வேர்க்குது?”

சங்கிலி அடுக்களைக்குள் ஓடினான். மனைவி முத்துச்செல்வி சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“சால்னாவை என்ன செஞ்ச?”

“உப்பாக் கரிச்சுச்சு. கை தவறிப் போட்டுட்டீகன்னு நெனச்சு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, தேங்காப்பால் ஊத்திச் சரிபண்ணிட்டேன். இல்லாட்டி மானம் போயிருக்கும்.”

அவன் வெளியே ஓடிவந்தான். பரோட்டாக் கல்லின் மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் சத்தமில்லாமல் விலகி வழிவிட்டார்கள். கழுத்தில் அரசாங்க அட்டை தொங்கிய ஒருவர் சால்னாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“அருமையா இருக்கே. யாரு வச்சது?”

சங்கிலி வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து பூரிப்போடு குரல் வந்தது.

“நான்தாண்ணே!”