இப்ப எவ்வளவு?

"முதுகுல ஊசி போட்டாச்சு. இனி பிரஷர் மளமளன்னு இறங்கும். சலைனை வேகமா ஓட விடுங்க, மேசையை இடது பக்கம் லேசா சாய்ங்க!" மயக்க மருந்து டாக்டரம்மா அதட்டினார்.

"ஆச்சு," என்றார் சக டாக்டர். அவரும் அதே தொழிலில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர்தான்.

"பிரஷர் ஏத்துற மருந்து?"

"கையிலயே இருக்கு."

"இப்ப எவ்வளவு?"

"நூத்திப்பத்து. நிமிஷத்துக்கு ஒரு தடவை உயிரை வாங்காதீங்க!"

"இறங்கினா வயித்துல இருக்கற பிள்ளைக்கு ஆகாது டாக்டர்!"

"இறங்க விட மாட்டேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினா உங்களுக்கு முழு மயக்கம் கொடுத்துடுவேன்!"

ஆபரேஷன் அறையே சிரித்தது. சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டது. டாக்டரம்மாவின் கண் மட்டும் பிரஷர் காட்டும் திரையை விட்டு நகரவில்லை.

நர்ஸ் குழந்தையை அவர் கன்னத்தோடு ஒட்டி வைத்தாள்.

"பிரஷரைப் பார்த்தது போதும் டாக்டரம்மா. படுத்தபடியே கொஞ்சம் உங்க பொண்ணையும் பாருங்க!"