வியாழனுக்கு முன்னால் ஒரு மூச்சு

"இறக்குடா தொட்டியை! ஐலிஃப், சொல்றேன்ல, இறக்கு!"

படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்று சோல்ஃப்ரிட் இழுத்தாள். மறுமுனையை ஐலிஃப் விடவில்லை. இரை கோத்த தூண்டில் கயிறு சுருட்டி வைத்த தொட்டி, இருவருக்கும் நடுவே ஊசலாடியது.

"பைத்தியமா உனக்கு? என்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. தம்பிங்க ரெண்டு பேரும் ஏறியாச்சு!"

"அவனுங்களையும் சேர்த்து இறக்கு. வியாழக்கிழமை புயல்."

ஐலிஃப் கடலைப் பார்த்தான். கண்ணாடி. பனி மூடிய மலைகளின் மேல் மார்ச் மாத வெயில். காட் மீன் கூட்டம் நடுக்கடலில் இருக்கும் தூரத் திட்டுக்கு வந்துவிட்டது என்று நேற்றுதான் சேதி வந்திருந்தது. இந்தப் பருவத்தில் அவன் படகு இன்னும் ஒருமுறைகூட நிறையவில்லை.

"யார் சொன்னா புயல்னு?"

"ஹல்வார்."

தினமும் காலையில் வானொலியில் அடுத்த ஐந்து நாள் வானிலையை வாசிக்கும் ஹல்வாரின் குரலை அறியாத வீடு வடகரையில் கிடையாது.

"நானும்தான் கேட்டேன். 'வியாழன், மிதமான வடகிழக்குக் காற்று, அங்கங்கே பனித்தூறல்'. இதுல புயல் எங்க இருக்கு? தூறலுக்குள்ள ஒளிஞ்சிருக்கா?"

"வியாழனுக்கு முன்னால இருக்கு."

"என்னது?"

"புதன் வரைக்கும் கடகடன்னு வாசிச்சான். அப்புறம் மூக்கால ஒரு மூச்சு இழுத்தான். அதுக்கப்புறம்தான் 'வியாழன்'னான். தனக்கே நம்பிக்கை இல்லாததைச் சொல்லும்போது அப்படித்தான் இழுப்பான்."

படகிலிருந்த தம்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மனுஷன் மூச்சுகூட விடக் கூடாதா?" என்றான் ஐலிஃப்.

"விடலாம். இழுக்கக் கூடாது." அவள் சிரிக்கவில்லை. "வானிலை ஆபீஸ்ல மெஷின் அதே வாரத்தை ஐம்பது தடவை கணக்குப் போடும். பெரும்பாலானது எதைச் சொல்லுதோ அதைத்தான் அவன் வாசிக்கணும். ஆனா நாலஞ்சு கணக்கு வேற மாதிரி சொல்லியிருக்கும். அதை அவனால ஒதுக்க முடியல."

"அப்போ அதையும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"போன வருஷம் சொன்னான். புயல் வரல. முதல் ஆளா போன் போட்டுத் திட்டினது யாரு?"

ஐலிஃபுக்கு இருமல் வந்தது.

சோல்ஃப்ரிட் தொட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். "போறதுன்னா என்னையும் தூக்கிக்கிட்டுப் போ. ஆனா திரும்பி வந்தா, உன் படகுக்கு ஒரு முள்ளுக்குக்கூட இரை கோக்க மாட்டேன்."

அவள் கை வேகம் அந்தத் துறைமுகத்தில் வேறு யாருக்கும் வராது. ஐலிஃப் கெட்ட வார்த்தை ஒன்றைக் கடலுக்குச் சொல்லிவிட்டு என்ஜினை அணைத்தான்.

அடுத்த மூன்று நாளும் வெயில். காப்பிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

"என்ன ஐலிஃப், இன்னிக்கு யாரு மூச்சு இழுத்தா?"

"பார்த்துப்பா, என் பொண்டாட்டி தும்மினா. கப்பலைக் கட்டிப் போடு!"

புதன்கிழமை மாலை, கடையில் எல்லோர் பேச்சையும் வானொலி நிறுத்தியது. ஹல்வார் மூச்சே விடாமல் வாசித்தார். வடக்கிலிருந்து திடீர்ப் புயல். எல்லாப் படகுகளும் உடனே கரை திரும்பவும்.

பக்கத்தில் மீன் பிடிக்கும் படகுகள் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம்; தூரத் திட்டிலிருந்து கரைக்கு ஒன்றரை நாள் ஓட்டம். ஐலிஃபின் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

வியாழன் மதியம் கடல் எழுந்து அலைத்தடுப்பைத் தாண்டியது. மீன் கூடத்துக் கூரைத் தகடுகள் காகிதம் போலப் பறந்தன. ஐலிஃப் ஜன்னலோரம் நின்று, கடலை ஒருமுறையும் அடுப்படியில் வாஃபிள் அப்பத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பிகளை ஒருமுறையுமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் இரைக் கொட்டகைக்குப் போனான். கையில் ஒரு பானை நிறைய மீன் ஈரலும் சினையும்.

"என் வீட்டுக்காரி கொடுத்தனுப்பினா. அழுதுகிட்டே சமைச்சா, உப்பு தூக்கலா இருக்கும்."

"வை. உன் மூஞ்சியைவிட நல்லாத்தான் இருக்கும்."

"இனிமே நீ சொன்னாத்தான் கயித்தை அவிழ்ப்பேன். ஆனா ஒண்ணு சொல்லு. ஊரே கேட்கற குரல். உனக்கு மட்டும் எப்படி..."

மேசை மேல் தொலைபேசி அலறியது. சோல்ஃப்ரிடின் இரண்டு கைகளும் இரைக்கு வெட்டிய ஹெர்ரிங் மீன் துண்டுகளுக்குள் இருந்தன.

"அந்தப் பொத்தானை அமுக்கு. சத்தமாக் கேட்கும்."

அமுக்கினான்.

"சோல்ஃப்ரிட்? எல்லாரும் கரையிலதானே?"

ஐலிஃப் துள்ளி எழுந்தான். வடகரை முழுக்கத் தெரிந்த குரல்!

"எல்லாரும் கரையிலதான். இந்த ஐலிஃப் பயல்கூட."

"அப்பாடா. ரெண்டு ராத்திரியாத் தூங்கல."

"நேரத்துக்குச் சாப்பிடறியா? எப்படி இருக்க?"

மறுமுனையில், மூக்கால் இழுத்த ஒரு மூச்சு.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

இணைப்பு அறுந்தது.

"சோல்ஃப்ரிட்! இழுத்தான்! என் காதாலேயே கேட்டேன், இழுத்தான்!"

"கேட்டுச்சு."

அவள் முள்ளைக் கீழே வைத்தாள். கைகளைத் துடைத்தாள். ரப்பர் மேலுடையை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"இந்தத் தொட்டியை நீயே முடிச்சுக்கோ. தெற்கே போற கப்பல் எப்பன்னு விசாரிக்கணும்."

"இப்ப எதுக்குத் தெற்கே?"

"தெற்கே ஹல்வாரோட நான் நடத்தின குடித்தனத்தோட கடைசி நாள், பெட்டியும் கையுமா வாசல்ல நின்னு, 'நான் எங்க ஊருக்கே போயிடவா?'ன்னு கேட்டேன். இதே மாதிரி ஒரு மூச்சு இழுத்துட்டு 'போ'ன்னான்" என்றாள் சோல்ஃப்ரிட். "நாந்தான் அன்னிக்கு வார்த்தையை மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்."