ஊஞ்சல் பலகையில் இரண்டு ஓரகத்திகள்

“ஏறுங்க அக்கா, பயமா இருக்கா?” என்று பலகைமேல் நின்றுகொண்டு கத்தினாள் அனார்கான்.

வசந்தகாலப் புத்தாண்டான நூருஸ் பண்டிகைக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. மூத்த ஓரகத்தி சைராவுக்கு வேறு வழியில்லை. பண்டிகைக்கென்று தைத்த வெளிர்நீலப் பாவாடையை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு, எதிரே ஏறி நின்றாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் இந்த இரண்டு மருமகள்களும் ஆடினால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு அனார்கான் ஊஞ்சல் பக்கமே வரவில்லை; அன்றுதான் மறுபடி ஏறினாள்.

தலை பெரிய பிள்ளை அது. அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு தும்மினால் பாவாடை நனைந்தது. கன்றுக்குட்டியைப் பிடித்து இழுத்தால் நனைந்தது. சிரித்தால்கூட.

சிரிக்காமல் இருக்கப் பழகினாள். விருந்துகளில் தேநீர்க் கிண்ணத்தை உதட்டில் வைத்துவிட்டு அப்படியே கீழே வைத்தாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி எத்தனை பேர் கூப்பிட்டாலும் கதவோரத்தை விட்டு நகரமாட்டாள்.

“விடுங்க அவளை. மகாராணிக்குக் கதவோரக் காத்துதான் ஒத்துக்கும்” என்பாள் சைரா, எல்லார் காதிலும் விழும்படி. பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். அனார்கானுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கோடையில் பிள்ளைக்கு இருமல் என்று நாரின் நகர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அங்கிருந்த மருத்துவச்சி, அவள் ஒவ்வொரு பெஞ்சிலும் தடவிப் பார்த்துவிட்டு எழுந்திருப்பதைக் கவனித்து, தனியே அழைத்துக் கேட்டுவிட்டாள். சொல்லியும் கொடுத்தாள். ஒண்ணுக்கை அடக்குகிற மாதிரி அந்த இடத்தை மட்டும் உள்ளே இழுத்துப் பிடி. பிறகு முழுசாக விடு. வயிறு இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. தும்மல் வருகிறதா? முதலில் பிடி, அப்புறம் தும்மு.

மாவு பிசைந்தபடி பிடித்தாள். பால் கறந்தபடி பிடித்தாள். மாமனார் தன் பட்டாளத்துக் கதையைச் சொல்லும்போது, முகம் மாறாமல் ‘ம்’ கொட்டிக்கொண்டே பிடித்தாள். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இதெல்லாம் வீண் என்று தொழுவத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பனி இளகத் தொடங்கிய சமயம், பசு உதைக்க வந்தபோது நிறைந்த வாளியோடு துள்ளி விலகியவள், அப்படியே திகைத்து நின்றாள்.

நனையவில்லை.

ஊஞ்சல் கயிறு முனகியது. பலகை கிளம்பியது.

முழங்காலை மடக்கி எழும்புகிற நேரம்தான் ஆபத்து. அதற்கு ஒரு கணம் முன்னால் பிடித்தாள். உச்சிக்குப் போனதும் விட்டாள். கூரைகள் கீழே போயின. அக்கரை மலையின் பனி கண்ணைக் கூசவைத்தது.

இப்போதும் நனையவில்லை.

அனார்கான் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

“போதும்டி” என்றாள் சைரா.

அவள் கேட்கவில்லை. இன்னும் ஓங்கி உந்தினாள். பட்ட கேலிக்கெல்லாம் சேர்த்து உந்தினாள். சைராவின் முகம் வெளுத்து, உதடு உள்ளே மடிந்தது. பயந்துவிட்டாள் என்று அனார்கானுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஊஞ்சல் ஓய்ந்தது. கூட்டம் கைதட்டியது. அனார்கான் குதித்து இறங்கினாள்.

சைரா இறங்கவில்லை. முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, பாவாடையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தபடி நின்றாள். இன்னொரு கை கயிற்றை விடவில்லை. ஆசை இன்னும் தீரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். அவள் அதற்குச் சிரிக்கப் பார்த்தாள்.

அந்த நிற்பு அனார்கானுக்குத் தெரியும். அங்கே வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பக்கத்தில் ஒருவர் தினைக்கள் நிறைந்த பெரிய கிண்ணத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். சைராவுக்குக் கொடுக்கப் போகிறவள் போல வேகமாக நடந்து, கால் தடுக்கி, அத்தனையையும் அவள் இடுப்பிலிருந்து பூட்ஸ் வரை கொட்டினாள்.

கூட்டம் ‘ஐயோ’ என்றது.

சைரா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

“கண்ணு பிடரியிலயா இருக்கு உனக்கு? புதுத் துணிடி! நடக்கத் தெரியாத கழுதை! இந்தக் கறையை உங்கப்பன் வந்து போக்குவானா?”

கத்திக்கொண்டே இறங்கினாள். கத்திக்கொண்டே அனார்கானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஊர் சிரித்துக்கொண்டு வழிவிட்டது. வீடு வரும் வரை திட்டும் ஓயவில்லை, பிடியும் தளரவில்லை.

கதவைச் சாத்தியதும் சத்தம் நின்றது.

சைரா சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் பேசியபோது குரல் மிகச் சின்னதாக இருந்தது.

“உனக்கு எப்படிடி நின்னுச்சு?”

அனார்கான் இதை அந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம்கூட.

மண்டியிட்டு, சைராவின் ஈர பூட்ஸில் கை வைத்தாள்.

“காலைக் குடுங்க அக்கா. சொல்றேன்.”