உடையாத கண்ணாடி

பாக்குவெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரகத்தி எழிலரசியின் வீட்டுக்குள் இவள் நுழைந்தாள்.

பக்கவாட்டு முற்றத்தில் தண்ணீர்ச் சத்தம். அவள் அங்கே இருக்கிறாள். நல்லதாகப் போயிற்று.

ஒரே வீடுதான். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் முன்பாதி எழிலரசிக்கு, பின்பாதி இவளுக்கு. புயல் மட்டும் பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பாதிச் சுவர்களையும் பிளந்துவிட்டுப் போயிற்று.

நகராட்சி இன்ஜினியர் வந்தார். விரிசல்களின் குறுக்கே ஆளுக்கொரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இவளுடையது உடைந்தது.

கதவில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டார்கள். சமுதாயக் கூடத்தில் யார் யார் காலடியிலோ படுக்கை.

எழிலரசியுடையது உடையவில்லையாம்.

நேற்று வந்தவள். முன்பாதியும் அவளுக்கு, உடையாத கண்ணாடியும் அவளுக்கு. கூடத்துக் குழாயடியில் நிற்கும்போது அவள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். இவளுக்கு வயிறு எரியும். மூடி மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான்.

இன்று மறுபடி பார்க்க வந்திருக்கிறார் இன்ஜினியர். பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டும் சத்தம் கேட்கிறது.

இவளும் பாக்குவெட்டியால் அந்தக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

கண்ணாடி இருந்த இடத்தில் காலண்டர் தொங்கியது. மெல்லத் தூக்கினாள்.

கண்ணாடி உடைந்திருந்தது.

விரிசலின் வழியே நேராக, இரண்டாக. விரிசலுக்குள் இவள் சுண்டுவிரல் நுழைந்தது.

அலமாரியில் அதே அகலத்துக்கு வெட்டிய புதுக் கண்ணாடி. பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் குழைத்து வைத்த சிமெண்ட். ஈரம் காயவில்லை.

பக்கவாட்டுக் கதவருகே எழிலரசி நின்றாள். விரலெல்லாம் சிமெண்ட்.

"அக்கா, இன்னிக்கு ஒரு தடவ அவரு பாத்துட்டுப் போயிட்டா போதும்க்கா. சொல்லிடாதீங்க. எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல."

இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அப்போது தொட்டில் அசைந்தது.

அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டியிருந்தாள். சேலைக்கு வெளியே ஒரு பிஞ்சுக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. காலின் மேல் சுண்ணாம்புத் தூள்.

பாக்குவெட்டி இடுப்பில் குத்தியது.

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வயிற்றெரிச்சலில் செய்தாள் என்றுதான் தெரு பேசும். எழிலரசி சாகும்வரை பேசுவாள். இல்லை என்று இவள் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

"சார், இங்க வாங்க. இந்தச் சுவரப் பாருங்க."

பின்னால் எழிலரசி வாய்விட்டுச் சபிக்கத் தொடங்கினாள்.

இவள் குழந்தையின் காதைப் பொத்தினாள்.