பேனலுக்கு வைத்த பொட்டு

"என் பேனலுக்கு யாரு பொட்டு வெச்சது?"

வினோதா மொட்டை மாடியில் நின்று போட்ட சத்தம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை கேட் வரைக்கும் கேட்டிருக்கும்.

பின்னே, கோபம் வராதா? நேற்று ஆயுத பூஜை. மெஷினுக்குப் பொட்டு வை, லாரிக்கு வை, தண்ணீர் மோட்டாருக்குக்கூட வை, யார் வேண்டாம் என்றது? வெயிலில் சோதனைக்கு வைத்திருக்கும் சோலார் பேனலுக்கா வைப்பார்கள்? அதுவும் சின்னதாகவா? கண்ணாடியின் மூலையில் உளுந்து வடை அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

சந்தனம் மறைத்த இடத்தில் வெயில் விழாது. வெயில் விழாவிட்டால் கரண்ட் ஏது? மீட்டரில் எண் இறங்கிக் கிடந்தது.

இறங்குவதற்கு இன்றைக்குத்தானா நாள் பார்க்க வேண்டும்! முதலாளி துளசிராமன் இப்போது மாடிக்கு வரப்போகிறார்.

அந்தச் சின்னக் கம்பெனியில் பெராவ்ஸ்கைட் என்ற புதுவகை சோலார் செல் செய்து பார்க்கிறார்கள். செலவு கம்மி, கரண்ட் அமோகம். ஒரே ஒரு குறை. துளி ஈரம் உள்ளே போனாலும் போதும், கறுப்பாக இருப்பது மஞ்சளாகிச் செத்துப்போகும். கரண்டைக் கூட்டுகிற வேலை பரணிதரனுக்கு. ஓரத்தை அடைத்து ஆயுளைக் கூட்டுகிற வேலை வினோதாவுக்கு. இரண்டையும் நடத்த இனிமேல் முடியாது, எது தேறுகிறதோ அது மட்டும்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வெயிலிலும் மழையிலும் மாடியிலேயே கிடந்தும் வினோதாவின் பேனல் இதுவரை அசையவில்லை. அதனால்தான் பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் அதை வேறு யார் கையிலும் கொடுக்காமல், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் சோப்புத் தண்ணீருமாக அவளே தேய் தேய் என்று தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

"யாருன்னு கேக்கறேன்ல?"

"நான்தான்," என்றபடி படியேறி வந்தான் பரணிதரன். கையில் பூஜைப் பொரி.

வினோதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுத பூஜை என்றால் பொரி தின்ன மட்டும் ஆஜராகிற ஆள். சாமி படத்துக்கு முன்னால் கையெடுத்துக்கூடக் கும்பிடாதவன்.

"நீயா? உனக்கு எப்பலேர்ந்து பக்தி வந்துச்சு?"

"நேத்துலேர்ந்து."

"வெளையாடாத பரணி. மீட்டரப் பாரு. சார் வர்ற நேரம் இது. என் வேலைய நிறுத்திட்டு உன்னுத மட்டும் ஓட்டணும், அதான உன் பிளானு?"

"இன்னா வினோதா, இப்டி சொல்லிட்ட? மொதல்ல கொஞ்சம் பொரி துன்னு."

"பொரியும் வேணா, ஒண்ணும் வேணா. தொடை அத்த."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "பூஜைப் பொட்டத் தொடைக்கக் கூடாது வினோதா. வேணும்னா கொஞ்சம் சின்னதாக்கிடறேன்."

"அத்த நீ சொல்றியா!"

துளசிராமன் மூச்சு வாங்க மேலே வந்தார். "இன்னாம்மா, கீழ வரைக்கும் கேக்குது. இன்னா பேஜாரு?"

"நீங்களே பாருங்க சார். பொட்டு வெச்சே என் கரண்டக் கொறச்சிட்டாரு."

முதலாளி மீட்டரைப் பார்த்தார். பரணிதரனைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"போட்டி இருக்கட்டும்பா, வேணாங்கல. அதுக்குன்னு இப்படியா? படிச்ச புள்ள செய்ற வேலையா இது?"

பரணிதரன் தலையைச் சொறிந்தான்.

வினோதா துப்பட்டா நுனியை நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சந்தனம் வழிந்தது. மீட்டரில் எண் கிடுகிடுவென்று ஏறிப் பழைய இடத்தில் போய் நின்றது.

"பாத்தீங்களா சார்! என் பேனலுக்கு ஒண்ணுமே ஆவல!"

சந்தோஷத்தில் மிச்சச் சந்தனத்தையும் வழிக்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

மூலையில் ஓரத்து அடைப்பு பிய்ந்திருந்தது. பிய்ந்த இடத்தை மூடிக்கொண்டு ஒரு சொட்டுக் கோந்து காய்ந்திருந்தது. கோந்துக்குள் ஒரு பச்சை நார் இழை.

அவள் தேய்த்த நார். அன்றைக்கு அவள் ரயிலேறியதும் பேய் மழை பெய்ததே!

"சொல்லியிருக்கலாம்ல பரணி?"

"சொன்னா நேத்து பூஜைல உக்காந்து அழுதுக்கினு இருப்ப," என்று அவன் கிசுகிசுத்தான். "கோந்துகூட உன் டப்பாவுலேர்ந்துதான் எடுத்தேன். உன் பேனல் செத்துட்டா என்னுது மட்டும் இன்னா வாழப்போவுதா? எவ்ளோ கரண்டு குடுத்தாலும் மழ வந்தா மஞ்சளாவுதே."

"இன்னாம்மா, மூலைல இன்னா?" என்று துளசிராமன் கிட்டே வந்தார்.

கட்டை விரலை வைத்தால் போதும், மூலை மறைந்துவிடும். வினோதா கையை விலக்கிக்கொண்டாள்.

"தேய்க்கறேன்னு மூலையப் பிச்சது நானு சார். மழைக்கு முன்னாடி ஓடியாந்து அடச்சது பரணி. என் மானம் போவக் கூடாதுன்னுதான் மேல பொட்டு வெச்சிருக்காரு."

சொல்லிவிட்டு, பரணிதரன் கையிலிருந்த பொரியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டாள்.

"படிச்ச புள்ள செய்ற வேலையான்னு கேட்டீங்களே சார், அத்த இப்டி திரும்பி என்னப் பாத்துக் கேளுங்க."