முடி சொன்ன சாட்சி

செஞ்சி கோர்ட் வாசலில் வக்கீல் குந்துநாதனை மறித்தாள் மெஹராஜ் பேகம்.

“சார், ரிசல்ட் வந்துடுச்சாமே?”

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் புருஷன் பீர் முகமது வைத்திருந்த பெட்டிக்கடையில் கஞ்சாப் பொட்டலங்கள் சிக்கியிருந்தன. ‘நான் இழுக்கத்தான் வெச்சிருந்தேன்’ என்று அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான். போலீஸ் அடித்துத்தான் அப்படிச் சொல்லவைத்தது என்று அவள் நம்பினாள். கஞ்சா இழுத்தால் முடியில் மூணு மாசம் வரை தெரியும், மெட்ராஸில் சோதிப்பார்கள் என்று யாரோ சொல்ல, வக்கீல் தடுத்தும் கேளாமல் ஜட்ஜிடமே அழுது முறையிட்டாள். அவன் முடியை வெட்டி அனுப்பினார்கள்.

“வந்துடுச்சும்மா. அவர் முடியில கஞ்சாவே இல்ல.”

“அல்லாவே! நான்தான் சொன்னேனே சார், எங்க வூட்டுக்காரரு பீடிகூடத் தொட மாட்டாருன்னு. இன்னைக்கே வுட்டுடுவாங்களா?”

குந்துநாதன் குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப வந்திருக்கிற புதுச் சட்டத்துல, சொந்தமா இழுக்க வெச்சிருந்தா தண்டனை கம்மி. அதனாலதான் அவர் அப்படிச் சொன்னாரு. இழுக்காதவர் கடையில அத்தனை பொட்டலம் எதுக்கும்மா இருக்குது? விக்கத்தானே? இனிமே வருஷக்கணக்குல உள்ள இருக்கணும்.”

மெஹராஜ், போலீஸ்காரர் பக்கத்தில் விலங்கோடு நின்ற புருஷனிடம் போனாள்.

“போலீஸே கொண்டாந்து வெச்சுதுன்னு சொல்லுங்க. ஒரு வாட்டி சொல்லுங்க, போதும். நான் நம்பிடறேன்.”

பீர் முகமது தலையை நிமிர்த்தவே இல்லை.