அரென்டின் முறை

படுத்து நான்கு மணி நேரம் ஆனதும் ஹென்னிங் எழுந்துவிட்டான். எழுந்த கையோடு போர்வையைத் தலையணை வரைக்கும் இழுத்து மூடினான், உள்ளே இன்னும் ஆள் இருப்பதுபோல.

சூடு வெளியே போய்விடக் கூடாது.

நீர்மூழ்கியில் அப்படித்தான். இரண்டு பேருக்கு ஒரு படுக்கை. ஒருவன் காவலுக்குப் போனால், மற்றவன் அதே ஈரத்தில், அதே சூட்டில் வந்து விழுவான். ஹென்னிங்கின் கூட்டாளி அரென்ட். "எந்திரிடா சோம்பேறி, உன் சூடு ஆறுறதுக்குள்ள நான் படுக்கணும்" என்று காலைப் பிடித்து இழுப்பானாம்.

கடைசிப் பயணத்தின்போது ஹென்னிங் மஞ்சள் காமாலையோடு கீல் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அரென்ட் போன நீர்மூழ்கி திரும்பவில்லை.

போர் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. இன்னும் அவன் பாதித் தூக்கம்தான் தூங்குகிறான். மீதி அரென்டுக்கு.

நேற்று துறைமுகத்தில் இரவு வேலை. பாரந்தூக்கியின் ஏணியில் கண் செருகிக் கை நழுவிவிட்டது. கீழே நின்றவன் பிடித்திராவிட்டால், ஹென்னிங்கின் மனைவி வீப்கே இன்று இரண்டாம் முறையாகக் கறுப்பு உடுத்தியிருப்பாள்.

உருளைக்கிழங்கு உரித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் மூடிவைத்த போர்வையை விலக்கி, உள்ளே படுத்துக்கொண்டாள். ஆள் இருக்கும் படுக்கையை யாருக்கு விட்டுக்கொடுப்பான்? வந்து பக்கத்தில் படுத்துத்தானே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு.

"எந்திரி வீப்கே. அவன் வர்ற நேரம்."

"வரட்டுமே. அவன் குறட்டை உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு வருஷம் அவனுக்குப் பெண்டாட்டியா இருந்தவ நான். நீ வந்து படு."

ஹென்னிங் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

அவளுக்குக் கோபம் பொங்கியது. கூப்பிட வாயெடுத்தபோதுதான் முதுகில் சுவரின் குளிர்ச்சி தெரிந்தது. கட்டிலின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி, முழங்காலை மடக்கிக் கிடந்தாள்.

அரென்ட் கையை அகல விரித்துப் போட்டுத் தூங்குவான்.

தன்னையறியாமல் நடுவில் விட்டிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடு ஆறவில்லை.